குழந்தை முகம் பார்க்கவில்லை என்றால் ஒரு வயது வரை காத்திருக்கலாமா?

கேள்வி: டாக்டர், எங்களுக்கு வீரவநல்லூர் பக்கம் ஒரு கிராமம். எனக்கு வயது 23, வீட்டில் பீடி சுற்றுகிறேன். கணவர் என் சொந்தத் தாய்மாமா. எங்கள் பெண் குழந்தைக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. நிறைமாதத்தில்தான் பிறந்தாள், எடை 2 கிலோ 800. சத்தம் கேட்டால் திரும்புகிறாள், பேசினால் சிரிக்கிறாள், ஆனால் முகத்தைப் பார்ப்பதில்லை. கண் இரண்டும் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. எந்நேரமும் கையை மடக்கிக் கண்ணை அழுத்திக்கொள்கிறாள். வெள்ளையாக எதுவும் தெரியவில்லை, கண் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. என் ஆச்சிதான் எனக்கு மாமியாரும், அவர் ஒரு வயது ஆனால் சரியாகிவிடும் என்கிறார். பக்கத்தில் காட்டிய டாக்டரும் பொறுத்துப் பார்க்கச் சொன்னார். கிரகணத்தன்று நான் வெளியே வந்ததால்தான் இப்படி என்று தெருவில் பேசுகிறார்கள். பீடித்தூள் காரணமா, சொந்தத்தில் கட்டியது காரணமா? பார்வை வருமா? அடுத்த பிள்ளைக்கும் இப்படி ஆகுமா? இன்னொன்று, என் தங்கைக்கு எட்டாம் மாதமே குழந்தை பிறந்துவிட்டது, 1 கிலோ 400தான். பதினெட்டு நாளாக ஆஸ்பத்திரியில் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அதற்கும் கண்ணில் ஏதாவது வருமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்:

காத்திருக்க வேண்டாம் அம்மா. ஒரு வயது வரை அல்ல, அடுத்த மாதம் வரை கூட வேண்டாம், இந்த வாரமே குழந்தைகளுக்கென்று தனியாகக் கண் பார்க்கும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். ஆனால் கடைசியில் இரண்டு வரியில் தங்கை குழந்தையைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

கருவில் இருக்கும்போது விழித்திரைக்கு, அதாவது கண்ணுக்குள் பின்பக்கம் உருவம் விழும் திரைக்கு, போகும் ரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து கிளம்பி ஓரத்தை நோக்கி மெல்ல மெல்ல வளர்ந்து, நிறைமாதத்தை ஒட்டித்தான் விளிம்பைத் தொடும். எட்டாம் மாதமே வெளியே வந்துவிட்ட குழந்தைக்கு அந்த வேலை பாதியில் நிற்கிறது. மீதி வளர்ச்சி வெளியே வந்தபிறகு நடக்கும்போது, சில குழந்தைகளுக்கு அது ஒழுங்கு தப்பி, தாறுமாறான புதுக் குழாய்களாகக் கிளைத்து, கடைசியில் விழித்திரையையே இழுத்துப் பெயர்த்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் ஆர்ஓபி என்று சொல்வார்கள். குறைமாதத்தில் பிறந்த எல்லாக் குழந்தைக்கும் இது வராது, வந்ததிலும் பாதிக்கு மேல் தானாகவே அடங்கிவிடும். அடங்காத கண்ணுக்கு லேசர் வைக்க வேண்டும், அல்லது கண்ணுக்குள் ஊசி மருந்து போட வேண்டும், அதுவும் தேவை என்று தெரிந்த இரண்டு மூன்று நாளுக்குள். அந்த நேரத்தில் செய்தால் பெரும்பாலான கண்களைக் காப்பாற்றிவிடலாம். விட்டுவிட்டால் பிறகு எவ்வளவு பெரிய ஆபரேஷன் செய்தாலும் கிடைப்பது கொஞ்சம்தான்.

34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை, அல்லது 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தை, எதுவானாலும் பிறந்த 30 நாளுக்குள் முதல் கண் பரிசோதனை நடந்தாக வேண்டும். இன்னும் சின்னக் குழந்தைகள், அதாவது 28 வாரத்துக்கு முன் பிறந்தவை, 1200 கிராமுக்குக் கீழே உள்ளவை, அவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. உங்கள் தங்கை குழந்தைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இன்றைக்கே போன் போட்டு, வார்டில் இருக்கும் சிஸ்டரிடம் "ஆர்ஓபி பார்த்தாச்சா, எப்ப பார்ப்பீங்க" என்று இந்த வார்த்தையைச் சொல்லியே கேட்கச் சொல்லுங்கள். பெட்டியில் இருக்கும் குழந்தையை வெளியே எடுக்க முடியாவிட்டால் கண் மருத்துவர் அங்கேயே வந்து பார்ப்பார். ஒருமுறை பார்த்து "இப்போதைக்கு ஒன்றுமில்லை" என்றால் முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது, குழாய்கள் விளிம்பைத் தொடும்வரை ஒரு வாரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.

நம்மூரில் குழந்தைகள் தவறிப்போவது இந்த இடத்தில்தான், இதைச் சொல்லும்போது எனக்கு மனசு பதறுகிறது. எடை ஏறிவிட்டது, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறது, சரி, இனி என்ன என்று இருந்துவிடுகிறோம். நாற்பது நாள் வாசல்படி தாண்டக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். அந்த நாற்பது நாளுக்குள்தான் முப்பதாவது நாள் வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கண் கருகருவென்று அழகாகத்தான் இருக்கும், கண் பாப்பாவில் (கருவிழி நடுவில் உள்ள துவாரத்தில்) வெள்ளை தெரிகிறது என்று நான்காம் மாதம் தூக்கி வரும்போது எங்கள் கையில் ஒன்றும் இருப்பதில்லை. ஆகவே தலையில் துணி சுற்றி, நெஞ்சோடு அணைத்து, ஆட்டோ பிடித்தாவது கொண்டுபோகச் சொல்லுங்கள். அப்புறம், ஆக்சிஜன் கண்ணைக் கெடுக்கும் என்று யாராவது அரைகுறையாகச் சொன்னதைக் கேட்டு, வேண்டாம் என்று மறுத்துவிடவும் கூடாது. 1940களிலும் 50களிலும் வெளிநாட்டில் அளவு பார்க்காமல் ஆக்சிஜன் கொடுத்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தது உண்மை. இப்போது கையிலோ காலிலோ கருவி மாட்டி அளந்துதான் கொடுக்கிறார்கள், உயிருக்கு அது வேண்டும்.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம்.

பிறந்த குழந்தைக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரம்தான் தெரியும், அதுவும் மங்கலாக. ஆறு முதல் எட்டு வாரத்தில் அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். மூன்று மாதத்தில் முகம் நகர்ந்தால் கண்ணும் பின்னாலேயே வரும். நான்கு மாதம் முடிந்தும் முகத்தைப் பார்க்கவில்லை என்றால் அது காத்திருக்கும் விஷயமல்ல. ஆச்சி சொல்வதிலும் ஒரு பங்கு உண்மை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. சில குழந்தைகளுக்குப் பார்வை தாமதமாக மலர்வது உண்டு, நான்கு, ஆறு மாதத்தில் தானாகப் பார்க்கத் தொடங்கிவிடும், ஆச்சி அப்படி ஒன்றிரண்டு பிள்ளைகளைப் பார்த்திருப்பார். ஆனால் அந்தக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கண் ஆடாது. உங்கள் மகளுக்கு இரண்டு கண்ணும் ஆடுகிறது. பிறந்ததிலிருந்தே இரண்டு கண்ணிலும் தெளிவான உருவம் கிடைக்கவில்லை என்றால், இரண்டு மூன்று மாத வாக்கில் கண் நிலைகொள்ள இடம் தெரியாமல் இப்படி அலைய ஆரம்பிக்கும். எல்லாக் கண்ணாட்டத்துக்கும் பார்வைக் குறைவுதான் காரணம் என்று இல்லை, ஆனால் முகம் பார்க்காததும் சேர்ந்திருக்கும்போது தள்ளிப்போட இடமே இல்லை.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய வரி, கண்ணைக் கையால் அழுத்திக்கொள்கிறாள் என்பது. கண்ணை அழுத்தினால் வெளிச்சப் புள்ளிகள் தெரியுமல்லவா, விழித்திரையிலிருந்து போதுமான சேதி வராத குழந்தைகள் அந்த வெளிச்சத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. பிறவியிலேயே விழித்திரை வேலை செய்யாத சில வகைகளில் இந்தப் பழக்கத்தை அதிகமாகப் பார்க்கிறோம், லீபர் என்று பெயர் வைத்த நோய் அவற்றில் ஒன்று. கண் வெளியே பளிச்சென்று இருப்பது, நிறைமாதப் பிறப்பு, தாய்மாமா திருமணம், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு அந்தப் பக்கம்தான் முதல் சந்தேகம் போகிறது. கடிதத்தை வைத்து முடிவு சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. கண் நரம்பு சிறுத்தே பிறந்திருக்கலாம். நிறக்குறைவு இருக்கலாம், குழந்தை முடியும் தோலும் வீட்டில் மற்றவர்களைவிட ரொம்ப வெளுப்பா என்று பாருங்கள். வெயிலில் மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறாளா என்றும் பாருங்கள், அது வேறொரு வகையைக் காட்டும். பவர் மிக அதிகமாக இருந்து, கண்ணாடி போட்டாலே பாதி சரியாகிற குழந்தைகளும் உண்டு. மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை விரித்து, உள்ளே விழித்திரையும் நரம்பும் பார்ப்பார், பவர் அளப்பார். லீபர் வகையில் முதல் வருடம் விழித்திரை பார்வைக்கு இயல்பாகவே தெரியலாம், அதனால் "உள்ளே நன்றாக இருக்கிறது" என்றதோடு திரும்பிவிடாமல் ஈஆர்ஜி என்ற பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். வெளிச்சம் பட்டால் விழித்திரையில் மின்சாரம் எவ்வளவு எழுகிறது என்று அளப்பது அது. திருநெல்வேலியில் செய்ய வசதிப்படவில்லை என்றால் மதுரைக்கு எழுதித் தருவார்கள். சில விழித்திரை நோய்களில் பின்னாளில் சிறுநீரகமும் பாதிக்கப்படும், அதையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்வார்கள், பயந்துவிடாதீர்கள்.

இப்போது பழி விஷயம். கிரகணத்துக்கும் குழந்தையின் கண்ணுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நீங்கள் வெளியே வந்ததால் எதுவும் ஆகவில்லை, தெருவில் யார் கேட்டாலும் டாக்டர் எழுதியிருக்கிறார் என்று இதைக் காட்டுங்கள். பீடித்தூள் கர்ப்பிணிக்கு நல்லதல்ல, குழந்தையின் எடை குறையலாம், அடுத்த முறை அந்த மாதங்களில் கூடுமானவரை தட்டைக் கீழே வைத்துவிடுங்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் பீடித்தூளால் வருகிறவை அல்ல, உங்கள் மகள் எடையும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. கர்ப்பத்தில் செல்போன் பார்த்தது, பப்பாளி தின்றது, இதெல்லாமும் காரணமல்ல.

சொந்தத்தில் கட்டியது காரணமாக இருக்கலாமா என்று கேட்டால், இருக்கலாம். இதை மழுப்பாமல் சொல்கிறேன், ஆனால் பழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொருவர் உடம்பிலும் பழுதான மரபணு சில ஒளிந்துதான் இருக்கும், எனக்கும் இருக்கும். ஒவ்வொரு மரபணுவும் அம்மா பக்கம் ஒன்று, அப்பா பக்கம் ஒன்று என்று இரண்டு பிரதியாக இருக்கும், ஒரு பக்கத்தில் மட்டும் பழுது என்றால் மறுபக்கத்து நல்ல பிரதி வேலையைச் செய்துவிடும், ஆளுக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவும் அப்பாவும் ஒரே பழுதைச் சுமந்து, இரண்டும் ஒரே குழந்தைக்குப் போய்ச் சேரும்போதுதான் நோய் வருகிறது. அந்நியத்தில் கட்டினால் அதே பழுது எதிரில் இருப்பது அபூர்வம். தாய்மாமாவுக்கும் மருமகளுக்கும் நான்கில் ஒரு பங்கு மரபணு பொது, அத்தை மகன், மாமன் மகளுக்கு எட்டில் ஒரு பங்கு. அதனால் வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான், சொந்தத்தில் கட்டிய பெரும்பாலானோருக்கு நல்ல பிள்ளைகள்தான் பிறக்கிறார்கள். தாமிரபரணிக் கரை நெடுக எல்லாச் சாதியிலும் மதத்திலும் தலைமுறை தலைமுறையாக இருக்கிற வழக்கம் இது. சொத்துக்காகவும் உறவு விடாமல் இருக்கவும் பெரியவர்கள் பேசி முடித்ததற்கு 23 வயதுப் பெண்ணைக் குற்றவாளியாக நிறுத்துவது எந்த நியாயம்? இனி வீட்டில் கல்யாணப் பேச்சு எழும்போது இந்தக் கணக்கைப் பெரியவர்கள் காதில் போடுங்கள், அது போதும்.

அடுத்த குழந்தை பற்றிய கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. இரண்டு பக்கமும் பழுது சேர்ந்தால் வரும் வகை என்று உறுதியானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்று பிள்ளைக்கு வராது என்று அர்த்தமல்ல, ஒவ்வொரு முறையும் அதே கணக்கு புதிதாகத் தொடங்கும். ஆகவே அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே, குழந்தைக்கும் உங்கள் இருவருக்கும் ரத்தம் எடுத்து மரபணுப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. எந்த மரபணு என்று தெரிந்திருந்தால், கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. கர்ப்பமான பிறகு வந்து கேட்டால் நேரம் போதாமல் போய்விடும். குடும்பத்தில் யாருக்கு மாலைக்கண் இருந்தது, எந்தப் பிள்ளை பிறவியிலேயே பார்வையில்லாமல் இருந்து சின்ன வயதில் இறந்துபோனது என்பதெல்லாம் ஆச்சிக்குத்தான் தெரியும், அவரை மருத்துவரிடம் கூட்டிப்போய்ப் பேசவிடுங்கள். அவர் சொல்லும் அரைமணி நேரக் கதை பல சோதனைகளுக்குச் சமம்.

குழந்தைகளுக்குப் பார்வைக் குறைவு வேறு எதனாலெல்லாம் வருகிறது என்று, இதைப் படிக்கும் மற்ற வீடுகளுக்காகவும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காரணத்துக்குக் காரணம் கெடு மாறுகிறது. பேச்சு எப்படிக் கேட்டுக் கேட்டு வருகிறதோ, அப்படிப் பார்வையும் பார்த்துப் பார்த்துத்தான் மூளையில் படிகிறது. முதல் சில மாதங்களில் கண்ணில் உருவம் விழாவிட்டால் மூளையின் அந்தப் பகுதி படிக்காமலே போய்விடும், பிறகு கண்ணைச் சரிசெய்தாலும் பார்வை முழுதாக வராது. குழந்தைக்கும் கண்புரை வரும் என்றாலே பலர் நம்புவதில்லை, தாத்தாவுக்கு வருவதுதானே என்கிறார்கள். பிறவிப் புரை கனமாக இருந்தால் ஒரு கண்ணில் என்றால் ஆறு வாரம், இரண்டு கண்ணிலும் என்றால் எட்டு, பத்து வாரத்துக்குள் எடுத்துவிடுவதுதான் நல்லது. "கொஞ்சம் பெரிசாகட்டும், மயக்க மருந்து தாங்காது" என்று ஒரு வயதுவரை வைத்திருப்பது அன்பால் செய்கிற பெரிய கெடுதல். ஆபரேஷனோடும் முடியாது, கனமான கண்ணாடி, ஒரு கண்ணை மூடிவைத்து மறு கண்ணைப் பழக்குவது என்று வருடக்கணக்கில் அம்மாதான் பாடுபட வேண்டும். இந்தப் புரையில் ஒரு பகுதி, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு ருபெல்லா காய்ச்சல் வந்ததால் வருவது. 1941-ல் ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர்தான் இந்தத் தொடர்பை முதலில் எழுதினார். அந்தக் குழந்தைகளுக்குக் காதும் இதயமும் கூடப் பழுதாகலாம். தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் போட்ட எம்ஆர் ஊசி, அதாவது தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி, இதற்காகத்தான், இப்போது ஒன்பதாம் மாதமும் ஒன்றரை வயது வாக்கிலும் போடுகிறார்கள். அந்த ஊசியை யாரும் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று பெரிய கண். "எம்பிள்ளைக்கு எவ்வளவு பெரிய கண்ணு" என்று திருஷ்டிப் பொட்டு வைத்துக் கொண்டாடுவோம். பெரிய கண் அழகுதான், ஆனால் கருவிழி நாளுக்கு நாள் பெரிதாகி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தால் அது கண் நீர் அழுத்தம். குழந்தையின் கண் மென்மையாக இருப்பதால் அழுத்தத்துக்கு விரிந்துகொடுக்கிறது, உள்ளே நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது. இதுவும் சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் கூடுதலாக வருவது, ஆபரேஷன்தான் வைத்தியம். வெறுமனே நீர் மட்டும் வடிந்து, வெளிச்சத்தை நன்றாகப் பார்க்கிற குழந்தைக்குப் பெரும்பாலும் கண்ணீர்க் குழாய் அடைப்பு, மூக்கோரம் நீவிவிடச் சொல்லித் தருவார்கள், முதல் வருடத்துக்குள் அநேகமாகச் சரியாகும்.

போட்டோ எடுத்தால் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுந்தால், இருட்டில் பூனைக்கண் மாதிரி மின்னினால், அன்றைக்கே போங்கள். அது விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம், ஐந்து வயதுக்குள் வருவது, சீக்கிரம் பார்த்தால் உயிரையும் பல நேரம் கண்ணையும் காப்பாற்றலாம். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடுகிறோமே, அதே புற்றுநோய் சில குழந்தைகளுக்கு முதலில் மாறுகண்ணாகத்தான் தெரியும். நான்கு மாதத்துக்குப் பிறகு கண் விலகி நின்றால் ஒருமுறை காட்டியே ஆக வேண்டும்.

பிறந்ததும் அழாத குழந்தை, வலிப்பு வந்த குழந்தை, பிறந்த சில நாளில் சர்க்கரை மிகவும் இறங்கிப்போன குழந்தை, இவர்களுக்குக் கண் முழுக்க நன்றாக இருந்தும் மூளையில் பார்வைப் பகுதி அடிபட்டிருக்கலாம். இப்போது இப்படிப்பட்ட பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். ஒரு நாள் பார்ப்பார்கள், ஒரு நாள் பார்க்க மாட்டார்கள், விசிறி ஓடினால் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள். நடிக்கிறான் என்று திட்டக் கூடாது, பயிற்சியில் முன்னேற்றம் தெரிகிற வகை இது.

ஒரு காலத்தில் வைட்டமின் ஏ குறைவுதான் நம் பிள்ளைகளின் கண்ணை அதிகம் பறித்தது. மாலைக்கண்ணில் தொடங்கி, தட்டம்மையோ வயிற்றுப்போக்கோ வந்ததும் ஒரே வாரத்தில் கருவிழி உருகிப்போய், கண்ணில் பூ விழுந்துவிட்டது என்பார்கள். 1970 முதல் மத்திய அரசுத் திட்டத்தில் கொடுக்கிற மருந்து அதைப் பெரிதும் குறைத்தது. ஒன்பதாம் மாதம் 1 லட்சம் யூனிட், பிறகு ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம், மொத்தம் ஒன்பது தடவை. நர்சம்மா பால்வாடியில் கொடுப்பார், உங்கள் மகளுக்கும் இன்னும் நான்கு மாதத்தில் முதல் தடவை வரும், விடாதீர்கள். இணை உணவு தொடங்கும்போது முருங்கைக் கீரையும் பப்பாளியும் முட்டையும் கொடுங்கள், அம்மை போட்டிருக்கும் பிள்ளைக்குச் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. ஆனால் உங்கள் மகளுக்கு இருப்பது வைட்டமின் குறைவு போலத் தெரியவில்லை, கீரையால் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

கண்ணில் தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய், எதையும் விடாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் சொட்டு மருந்து இன்னும் ஆபத்து. நம் வெயிலுக்கும் புழுதிக்கும் கண் அரிப்பு வரும் பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு கலந்த சொட்டை மாதக்கணக்கில் விட்டு, அழுத்தம் ஏறி நரம்பு போனபிறகு கூட்டி வருகிறார்கள். வீட்டில் வெற்றிலை போடுகிறவர்கள் இருந்தால் சுண்ணாம்பு டப்பாவையும் பாக்கெட்டையும் குழந்தை கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லுங்கள், அமுக்கிப் பீய்ச்சி கண்ணில் பட்டால் கருவிழி வெந்துவிடும். பட்டுவிட்டால் அந்த நொடியே குழாயடியில் அரைமணி நேரம் கண்ணைத் திறந்து கழுவிவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பார்வை வருமா என்று கேட்டீர்கள். காரணம் தெரியாமல் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல மாட்டேன். நான் சந்தேகப்படுவது போல விழித்திரைதான் என்றால், இன்றைக்கு அதை முழுசாகத் திருப்பித்தரும் மருந்து கிடையாது. ஒரே ஒரு மரபணு வகைக்கு மட்டும் 2017-ல் அமெரிக்காவில் மரபணு சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது, விலை நம்மைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்க முடியாதது, எல்லா வகைக்கும் அது பொருந்தவும் செய்யாது. மரபணு பெயர் தெரிந்திருந்தால் நாளை வருகிற சிகிச்சைக்கு உங்கள் மகள் தகுதியா என்றாவது தெரியும். நாட்டு மருந்து, எண்ணெய், லட்ச ரூபாய் கட்டினால் ஸ்டெம் செல் என்று யார் வந்தாலும் ஒரு பைசா கொடுக்காதீர்கள், நகையை அடகு வைக்காதீர்கள். பார்வையில்லை என்று சொல்லப்பட்ட பெரும்பாலான பிள்ளைகளுக்கு வெளிச்சமாவது, அசைவாவது, பெரிய உருவமாவது தெரியும், அந்த மிச்சப் பார்வையைப் பழக்கினால் வாழ்க்கையே மாறும், இதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு ஆஸ்பத்திரி முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றே வீட்டில் தொடங்கலாம். தூக்கும் முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைத் தொட்டு, பிறகு தூக்குங்கள், திடீரென்று தூக்கினால் பயந்துபோகும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி, பளபளக்கும் எவர்சில்வர் டம்ளர், சிவப்பு, மஞ்சள் பந்து, ஒவ்வொன்றாக, ஒரு சாண் தூரத்தில், பின்னால் வெறும் சுவரை வைத்துக் காட்டுங்கள், மெதுவாக நகர்த்துங்கள். பத்து பொம்மையை ஒரே நேரத்தில் கொட்டாதீர்கள். எதைச் செய்தாலும் பேசிக்கொண்டே செய்யுங்கள், "இப்ப குளிக்கப் போறோம், தண்ணி சூடு" என்று. கவிழ்த்துப் போட்டுப் பழக்குங்கள், பார்வை குறைந்த குழந்தைகள் கவிழ்ந்து தலை தூக்கச் சோம்பும், அதனால் உட்காருவதும் நடப்பதும் தள்ளிப்போகும். கண்ணை அழுத்தும்போது அடித்துக் கையை இழுக்காதீர்கள், கையில் கிலுகிலுப்பையோ துணியோ கொடுத்து வேலை கொடுங்கள், ஏனென்றால் வருடக்கணக்கில் அழுத்தினால் கண் உள்வாங்கிப்போகும். முக்கியமாக, அவளை யாரும் அந்த ஒற்றைச் சொல்லால் கூப்பிட விடாதீர்கள், அவளுக்குப் பெயர் இருக்கிறது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவும், இப்படிப்பட்ட குழந்தைகளுக்கான இடையீட்டு சேவை மையமும் இருக்கிறது, பயிற்சி இலவசம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் 1988 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, அங்கே குழந்தைகள் பிரிவு தனியாகப் பார்க்கிறார்கள். எது வசதியோ அங்கே போங்கள், ஆனால் போங்கள். பார்வைக் குறைவு உறுதியானால் அரசுச் சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்கிவிடுங்கள், 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் அரசு உதவிகளுக்கும் சலுகைகளுக்கும் அதுதான் அடிப்படை. படிப்புக்கும் பயப்பட வேண்டாம். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் என்ற மிஷனரி அம்மையார் 1890-ல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி இன்றும் நடக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியிலேயே சேர்த்து, சிறப்பு ஆசிரியர் வந்து பிரெய்ல் சொல்லித் தரும் ஏற்பாடும் உண்டு. அதற்கு இன்னும் வருடங்கள் இருக்கிறது, இப்போதே அதை நினைத்து அழ வேண்டாம்.

போகும்போது பிரசவ டிஸ்சார்ஜ் தாள், தடுப்பூசி அட்டை, பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். கண் ஆடுவதையும், கையால் அழுத்துவதையும் போனில் இரண்டு மூன்று வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரியில் குழந்தை தூங்கிவிட்டால் அதுதான் பேசும். கணவரும் கூட வரட்டும், ரத்தம் எடுக்க வேண்டிவந்தால் இன்னொரு நாள் அலைய வேண்டாம். செங்கோட்டை லைனில் காலைப் பாசஞ்சரைப் பிடித்தால் நேரத்தோடு சீட்டு போடலாம். கண் பாப்பா விரிய மூன்று நான்கு முறை சொட்டு விட்டுக் காத்திருக்கச் சொல்வார்கள், எல்லாம் முடிய மதியம் தாண்டிவிடும், மாற்றுத் துணியும் உங்களுக்குச் சாப்பாடும் கட்டிக்கொண்டு போங்கள். கிளம்பும் முன் நோயின் பெயரையும், அடுத்து வரவேண்டிய தேதியையும் தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.